ஊர் உறைந்து நிற்பதில்லை

முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

ஒரு சிறு பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. இந்த வருடம் வந்தவற்றில் பெரும்பாலானவை உங்களுடைய முதல் நாவல்கள். அவரவர் பிரதியைப் பற்றி அவரவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். அப்படி எழுதும்போது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தெரிந்தது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

உங்கள் பிரதிகளில் அடிக்கடி வருகிற ஒரு காட்சி இருக்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஓர் இளைஞன் பல வருடம் கழித்து ஊருக்கு வருகிறான். பஸ்ஸை விட்டு இறங்குகிறான். அதே ஆலமரம், அதே டீக்கடை, திண்ணையில் அதே பெரியவர். உடனே ஒரு வாக்கியம் விழுகிறது: இங்கே காலம் உறைந்து கிடக்கிறது. அடுத்த பத்தியில் நகரத்தின் வேகம், ஓட்டம், நெரிசல். நகரம் ஓடுகிறது, கிராமம் நிற்கிறது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கதைக்குப் போய்விடுகிறீர்கள்.

அந்தத் திண்ணைப் பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்தால் மோட்டார் போடவேண்டும். வருகிற சில மணி நேரத்துக்குள் கடைசி வயல்வரை தண்ணீர் போய்ச் சேரவேண்டும். அவர் மருமகள் விடிவதற்குள் பாலைக் கறந்து சொசைட்டி வண்டி கிளம்புமுன் ஊற்றிவிட்டு, நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். அங்கே கைப்பேசிச் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரம் பதிகிற மாதிரி, எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். படத்தில் இல்லாவிட்டால் அன்றைய கூலிக்கு வம்பு. சாயங்காலம் மறுபடி கறவை. அந்த ஊரில் கடிகாரங்களுக்குப் பஞ்சமே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிவரை வேலை கிடையாது. அவன் பையில் திரும்பிப்போகிற டிக்கெட் இருக்கிறது. உறைந்து கிடப்பது அவனுடைய விடுமுறை. அதை ஊர்மீது ஏற்றிவிடுகிறீர்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: இடத்துக்கென்று பொதுவாக ஒரு காலம் கிடையாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் இரண்டு காலத்தில் இருப்பார்கள். யாருடைய நேரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காத நாவலில் நிலக்காட்சி வரும், நிலம் வராது.

இதை மேல்நாட்டு விமர்சனப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் நமக்கில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. தெய்வம், மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற கருப்பொருள்கள். முல்லை என்றால் காடு மட்டுமல்ல. கார்காலத்து மாலையும் சேர்ந்ததுதான் முல்லை. குறிஞ்சிக்குக் கூதிரும் நள்ளிரவும், பாலைக்கு வேனிலும் உச்சிப்பகலும். இதைப் பள்ளியில் கட்டம் போட்டு மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிட்டோம். கட்டத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போங்கள். முல்லைப்பாட்டுக்குப் போங்கள். பத்துப்பாட்டில் அதுதான் மிகச் சிறியது, 103 அடி. நப்பூதனார் எழுதியது. ஒரு மணி நேரத்தில் உரையோடு படித்துவிடலாம்.

அதில் நடப்பது அதிகமில்லை. அரசன் போருக்குப் போயிருக்கிறான். கார்காலம் தொடங்கிவிட்டது, திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் அதுதான். மாலை நேரம், மழை. வீட்டிலிருக்கும் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுதுவிட்டு, விரிச்சி கேட்க நிற்கிறார்கள். தற்செயலாகக் காதில் விழும் பேச்சில் நல்ல வார்த்தை இருந்தால் அவன் வருவான் என்று அர்த்தம். குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்குகிற ஓர் ஆயர் பெண், கட்டிக் கிடக்கும் கன்றிடம், உன் அம்மாக்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்கிறாள். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த நற்சொல். வந்து அரசியிடம் சொல்கிறார்கள். அவளுக்கு அது போதவில்லை. கண்ணீர் நிற்கவில்லை.

இந்த இடத்தில் புலவர் சட்டென்று பாசறைக்குப் போய்விடுகிறார். அங்கே எல்லாம் ஒழுங்கு. காட்டை வெட்டி, முள்வேலி கட்டி, தெருத் தெருவாகப் பாடி அமைத்திருக்கிறார்கள். யானைப்பாகர்கள் வடமொழியில் அதட்டி யானைகளைத் தின்ன வைக்கிறார்கள். இடுப்பில் வாள் கட்டிய பெண்கள் அணைய அணைய விளக்கை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். யவனர்கள் அரசனுக்கு அறை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் காவல் நிற்கும் மிலேச்சர்கள் பேசாமல் கைஜாடையால் காரியம் நடத்துகிறார்கள். இதற்கு நடுவே நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். நீர்க் கன்னலைப் பார்த்து, இத்தனை நாழிகை கழிந்தது என்று அரசனுக்கு வாழ்த்தோடு அறிவிக்கிறார்கள்.

இந்த நீர்க்கடிகாரம் பாசறையில்தான் இருக்கிறது, அரண்மனையில் ஒன்றையும் புலவர் காட்டுவதில்லை. எழுநிலை மாடத்தில் பாவை விளக்கு எரிகிறது, கூரையிலிருந்து மழைநீர் கொட்டுகிற சத்தம் கேட்கிறது. அவள் கழலும் வளையை ஏற்றி விட்டுக்கொண்டு கிடக்கிறாள். அவளுக்கு எத்தனை நாழிகை என்று சொல்ல ஆளில்லை, கன்றுக்குட்டியிடம் பேசிய பெண்ணின் ஒரு வார்த்தைதான் உண்டு. அரசனுக்கும் தூக்கமில்லை. அவன் நினைப்பதோ காயம்பட்ட யானைகளையும், அம்பு தைத்துப் புல் தின்னாமல் நிற்கும் குதிரைகளையும், செத்துப்போன வீரர்களையும். நாழிகை எண்ணிச் சொல்லப்படுகிற காலம் ஒன்று, எண்ணிக்கை இல்லாமல் கிடக்கிற காலம் ஒன்று. இரண்டும் ஒரே இரவுதான். அவள் காலம் மெதுவாகப் போனது, அவன் காலம் வேகமாகப் போனது என்றெல்லாம் நப்பூதனார் விளக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். உங்களில் ஒருவர் இந்த வேலைக்கு இரண்டு அத்தியாயமும் ஒரு கனவுக்காட்சியும் செலவழித்திருக்கிறீர்கள்.

நவீன நாவலுக்கு வருவோம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது. ஒரு இடத்தைச் சுற்றியே காலத்தைக் காட்ட என்ன செய்யவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு காலத்தில் அது குளத்து நடுவே இருந்தது. பிறகு குளம் தூர்ந்து, மரம் தெருவுக்கு வந்து, அதைச் சுற்றி முச்சந்தியும் கடைகளும் முளைத்துவிட்டன. அந்தப் பழைய கதையெல்லாம் தாமோதர ஆசான் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஆசானின் காலம் கேட்பவனைக் காக்கவைக்கிற காலம். வெற்றிலை போட்டு, இழுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொல்கிற காலம். ஆசான் போனபின் நாவலின் நடை மாறுகிறது. காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டுப் பூங்கா வருகிறது, வியாபாரப் போட்டி வருகிறது, நகரசபைத் தேர்தல் வருகிறது, செய்தித்தாள் வருகிறது. மன்னராட்சி போய் மக்களாட்சி வந்ததை அந்த நாவல் தேதி போட்டுச் சொல்வதைவிட, கதை சொல்கிற வேகத்தில் சொல்கிறது. ஆசான் பகுதியை மட்டும் விரும்பி, பின்பகுதி அவ்வளவு ருசிக்கவில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ருசி போனதுதான் அங்கே விஷயம் என்பது என் கட்சி.

தேதியைப் பற்றிச் சொன்னதால் அசோகமித்திரன். உங்களில் பலர் அத்தியாயத் தலையில் தேதி போடுகிறீர்கள்: 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு. போட்டுவிட்டால் நாடு முழுக்க அந்த நள்ளிரவு வந்துவிடும் என்ற நம்பிக்கை. ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நடக்கும் செகந்திராபாத்தில் அது வரவில்லை. அங்கே நிஜாம் ஆட்சி. இந்தியா சுதந்திரமடைந்து பதின்மூன்று மாதம் கழித்து, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே நுழைகிறவரை அந்த ஊரின் காலம் வேறு. நாவலின் பெயரே பூகோளத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நிற்பவனுக்கு வரலாறு தாமதமாக, வேறு முகத்தோடு வந்து சேர்கிறது. சந்திரசேகரன் ரயில்வே ஊழியரின் மகன், தமிழ்ப் பையன், கல்லூரி மாணவன். நிஜாமை ஆதரித்த ரஜாக்கர்கள், அகதிகள், ஊரடங்கு என்று சமஸ்தானம் கொதிக்கிறபோது அவனுக்குக் கிரிக்கெட்டும் சைக்கிளும் வீட்டு வேலையும் இருக்கின்றன. வரலாற்றுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அன்றன்றைக்குப் பால் வாங்கவேண்டும், பந்து தேடவேண்டும். அசோகமித்திரன் ‘நான்’ என்றும் ‘அவன்’ என்றும் மாறி மாறிச் சொல்கிறார். பையனுடைய நேரமும் ஊருடைய நேரமும் ஒட்டாமல் போகிற கதைக்கு அந்த மாற்றம் பொருந்துகிறது. கடைசியில் இரண்டும் ஒரு வீட்டுக்குள் மோதுகின்றன. அவன் ஓடுகிறான். படிக்காதவர்களுக்காக அதற்குமேல் சொல்லவில்லை.

வரலாற்று நாவல் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு இடைச்செருகல். 1890களில் நடக்கும் உங்கள் கதையில் ஒருவர் பம்பாயிலும் இன்னொருவர் சென்னையிலும் சரியாகப் பத்து மணிக்கு ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். அன்றைக்குப் பம்பாய்க் கடிகாரத்துக்கும் சென்னைக் கடிகாரத்துக்கும் அரைமணி வித்தியாசம். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தை ஒட்டிய சென்னை நேரத்தில்தான் ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1இல்தான் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. பம்பாய் அதற்கும் மசியாமல் 1955வரை தன் பழைய நேரத்தையும் விடாமல் வைத்திருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் தோட்ட நேரம் என்று ஒரு மணி நேரம் முந்திய கடிகாரம் புழக்கத்தில் இருக்கிறது. சூரியன் அங்கே சீக்கிரம் எழுகிறது, வேலையும் சீக்கிரம் தொடங்கட்டும் என்பது கணக்கு.

தோட்டம் என்றதும் இலங்கை மலையகம். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு விடிவது சூரியனால் அல்ல, தப்பு அடிக்கிற சத்தத்தால். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். பிந்திப் போனால் வேலை இல்லையென்று விரட்டலாம், கொழுந்து குறைந்தால் அரைப் பேர் என்று எழுதலாம். பேர் போடுவது, அரைப் பேர் போடுவது என்று மனிதனின் ஒரு நாளையே இன்னொருவர் புத்தகத்தில் குறிக்கிற இடம் அது. துரையின் பங்களா அதே மலையில்தான். அங்கேயும் விடிகிறது, வேறு விதமாக. தெளிவத்தை ஜோசப் தம் மலையக நாவல் ஒன்றுக்கு ‘காலங்கள் சாவதில்லை’ என்று பெயர் வைத்தார். மலையகத்தைப் பச்சைக் கம்பளம், பனிமூட்டம், நிற்கும் காலம் என்று எழுதியிருக்கும் நண்பர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிப்பது நல்லது. பனிமூட்டத்தில் நின்று அனுபவித்தது அவர். தேயிலைச் செடிக்கு இடையே அட்டை கடிக்கக் கடிக்க ஓடியவர்களுக்கு அது மூடுபனிகூட அல்ல, பெரட்டுக்குப் பிந்திவிடுகிற பயம்.

அதே தீவில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நாவலாசிரியர் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அதைக் குறைத்து அரைமணி. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. 2006இல் அரசே பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை சுமார் பத்து வருடம் ஒரு சிறு தீவில் இரண்டு நேரம் ஓடியது. போர் நிறுத்தத்தின்போது ஏ9 பாதை திறந்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வன்னிக்குள் போனவர்கள் அரைமணியையும் சேர்த்துத் தாண்டினார்கள். கடிகாரத்தைத் திருப்புவதா விடுவதா என்பதே அரசியல் நிலைப்பாடு. ஈழத்தைப் பற்றி எழுதுகிற உங்களில் சிலர் குண்டுச் சத்தத்திலிருந்தே ஒவ்வொரு அத்தியாயத்தையும் தொடங்குகிறீர்கள். சாவடி வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஒருவரிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

போர் கடிகாரத்தைக் கைப்பற்றுவது புதிதல்ல. 1942இல் ஜப்பானியர் தென்கிழக்காசியாவைப் பிடித்தபோது சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சுமத்ராவிலும் டோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். ஆண்டையும் மாற்றினார்கள்; ஜப்பானியக் கணக்கில் அது 2602. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தொடங்குவது மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழையும் அந்த நாளில்தான். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், வட்டிக்கடை வேலைக்காக 1938இல் மெடானுக்குப் போனவர். நாவலின் பாண்டியன் இருக்கும் மெடானில் டோக்கியோவின் மணியும் ஜப்பானியர் உத்தரவும் நடக்கின்றன. அவன் மண்டைக்குள் நடப்பது மதுரை வீதிகள், சின்னமங்கலத்துச் சந்தை, மாட்டு வண்டிகள், வியாபாரிகளின் கூப்பாடு. இங்கே நினைவு என்பது ஏக்கப் பெருமூச்சு இல்லை. கடைகளின் வரிசை பிசகாமல், சரக்கு வகை பிசகாமல், சந்தையே பெருகி வந்து மெடானை மூடுகிறது. பிழைக்கப் போன ஊரில் ஒருவன் தன் சொந்த ஊரை வைத்துக்கொள்வது இப்படித்தான், வீதி வீதியாக. புலம்பெயர் வாழ்க்கை எழுதும் நண்பர்கள் பனி, ஜன்னல், அம்மாவின் குழம்பு வாசனை என்று மூன்றே சரக்கோடு நிறுத்திவிடுகிறீர்கள். ஊர்ச் சந்தையில் நாலாவது கடை யாருடையது என்று உங்கள் பாத்திரத்துக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவனுக்கு ஏக்கம் வராது, உங்களுக்குத்தான் வரும்.

வீட்டுக்குள்ளே இருக்கிற காலத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆண்கள் எழுதிய பிரதிகளில் சமையலறை ஒரு வாசனையாக வருகிறது, நேரமாக வருவதில்லை. அம்பையின் ‘வெளிப்பாடு’ கதையில் ஒரு பெண் ஆயுளில் சுட்ட தோசைகளைக் கணக்குப் போட்டால் லட்சத்தில் போய் நிற்கிறது. அந்தக் கணக்கைப் படித்தபிறகு அடுப்படியில் காலம் நிதானமாக நகர்ந்தது என்று எழுதக் கை வராது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் தெருவின் நாளையே தண்ணீர்தான் வகுக்கிறது. குழாயில் வருமா, பம்பில் ஏறுமா, லாரி நிற்குமா என்ற கேள்விகளுக்கு நடுவேதான் ஜமுனா தன் வாழ்க்கையையும் யோசித்தாகவேண்டும். சென்னைக்கு வேகம் என்ற ஒரே குணத்தைக் கொடுத்தவர்கள், குடத்தோடு காத்திருக்கிற சென்னையைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான். சாப்பாடு வரக் கைப்பேசித் திரையில் ஒன்பது நிமிடம் என்று காட்டுகிறது. சோபாவில் இருப்பவருக்கு அது வெறும் எண். சிக்னலில் வண்டியை நிறுத்தியிருக்கிறவருக்கு அது மதிப்பெண், ஊக்கத்தொகை, சில நாளில் எலும்புமுறிவு. ஒரே ஒன்பது நிமிடம்தான்.

கைப்பேசி வந்தபிறகு எல்லோருக்கும் ஒரே நேரம் ஆகிவிட்டதே, இனி இதையெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். எல்லோருடைய திரையிலும் ஒரே மணி காட்டுவது உண்மை. முல்லைப்பாட்டுக் காலத்திலும் எல்லோருக்கும் ஒரே மழைதான் பெய்தது.

இனி உங்கள் பிரதிகளில் செய்யவேண்டிய வேலை. அத்தியாயத் தலையிலிருக்கும் தேதிகளை ஒரு முறை அழித்துவிட்டுப் படியுங்கள். எது எப்போது நடக்கிறது என்று உள்ளே இருக்கும் வேலையிலிருந்து, வெயிலிலிருந்து, கூலி நாளிலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தேதி எதற்கு? தெரியாவிட்டால் தேதி போட்டும் பயனில்லை. ‘காலம் உறைந்த’ என்று தேடி, வருகிற இடமெல்லாம் வெட்டுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, ஒரு இடத்தைக்கூட விட்டுத்தரமாட்டேன்.

திருப்பூர் நாவல் எழுதியவருக்கு மட்டும் தனியாக ஒன்று. உங்கள் ஏழாவது அத்தியாயத்தில் கதாநாயகி வாரக் கணக்கை நாளில் சொல்லாமல் ஷிப்டில் சொல்கிறாள்: திங்கள் ஒன்றரை, செவ்வாய் ஒன்றரை, புதன் ரெண்டு, வியாழன் ஒன்று. சரக்கு ஏற்றுமதிக்குக் கெடு நெருங்குகிறது என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் தம்பி ஊரில் ஆடு மேய்க்கிறான். அவனோடு போனில் பேசும்போது இருவருக்கும் ‘நாளைக்கு’ என்ற பேச்சே ஒத்துவரவில்லை. மொத்தப் பிரதியிலும் அந்த மூன்று பக்கம்தான் நாவல். அதை நாற்பது பக்கமாக்குங்கள். முதல் அத்தியாயத்தில் அவளுடைய சித்தப்பா மகன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறானே, அவனை எடுத்துவிடுங்கள். ஆடி மாதத்துக்குள் அனுப்பினால் இந்த வருடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பதிப்பாளரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிரதிகளைப் படித்தவன்